கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள்

தொண்ணூறுகளில் பொத்தேரியில் எங்கள் வீட்டு மாடியைக் கல்லூரி மாணவிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். ஜூன் மாதம் வந்தால் டிரங்குப் பெட்டியும் படுக்கையுமாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். கூடவே அப்பா, அம்மா, சில சமயம் மாமா. பெட்டியெல்லாம் ஏற்றி முடித்து, கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் என்னிடம் வந்து தயங்கி நிற்பார். "நீங்களும் ஒரு பொம்பள. பாதுகாப்பா எப்படி இருக்கணும்னு நாலு வார்த்தை சொல்லி வையுங்க" என்பார். நானும் தலையாட்டுவேன். பிறகு அந்தப் பெண்களிடம் மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, மொட்டைமாடிக் கதவை எப்படித் தாழ்ப்பாள் போடுவது என்று காட்டிவிட்டுக் கீழே வந்துவிடுவேன். பாதுகாப்பு பற்றி என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. நான் கேட்டுக்கொண்ட அளவுக்கு அறிவுரை கேட்டவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள். அதில் எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அது எண்பதுகளின் கடைசி. நாங்கள் அப்போது அஸ்தினாபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பா மத்திய அரசு ஆபீஸில் குமாஸ்தா. நான் பி.ஏ. முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஒரு வருஷம் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பிறகு பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ஆர்டர் வந்த அன்று அப்பா ஸ்வீட் வாங்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

ட்ரெயினில் லேடீஸ் பெட்டியில்தான் ஏற வேண்டும். அதிலும் வாசல் பக்கம் நிற்கக் கூடாது. பஸ்ஸில் நடுவிலும் நிற்கக் கூடாது, பின்னாலும் நிற்கக் கூடாது. எங்கேதான் நிற்பது என்று கேட்டதற்கு, டிரைவர் முதுகுக்குப் பின்னால் என்றாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. ஆனால் யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இது இரண்டையும் எப்படிச் செய்வது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அறிவுரையின் வால் வெளியே வந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லா அறிவுரைக்கும் ஒரே வால்தான். "முடியலைன்னா சொல்லிடு. வேலையை விட்டுடலாம்."

அந்த வேலை எனக்கு வேண்டும். இதை எப்படிச் சொன்னால் புரியும் என்று தெரியவில்லை. பெரிய வேலை ஒன்றும் இல்லை, நாள் பூராவும் யாரோ யாருக்கோ எழுதுகிற கடிதத்தை அடித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் அங்கே எனக்கென்று ஒரு மேஜை இருந்தது. ஜன்னல் பக்கத்தில். வீட்டில் எனக்கென்று இருந்தது பீரோவில் ஒரு தட்டு, அதிலும் பாதியில் அம்மாவின் பட்டுப் புடவைகள். அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மெஷினில் பேப்பரைச் சொருகும்போது நான் யாருடைய பெண்ணும் இல்லை என்று தோன்றும். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் வழியில் நடப்பதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முதல் வாரத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

வழியில் நடப்பது என்றால் எல்லோருக்கும் நடப்பதுதான். பஸ்ஸில் முழங்கை, முட்டி, பின்னால் மூச்சு. முதலில் குமட்டிக்கொண்டு வரும். பிறகு கோபம் வரும். அப்புறம் ஒன்றும் வராது. உடம்பின் அந்தப் பக்கத்தை அணைத்துவிடுவேன், ஸ்விட்சை அணைக்கிற மாதிரி. இறங்க வேண்டிய இடம் வரும்வரை அந்தத் தோளோ இடுப்போ என்னுடையது இல்லை. இறங்கின பிறகும் சில நாள் அது திரும்பி வருவதற்கு நேரமாகும். அம்மா ஊக்கு கொடுத்தாள், எல்லா அம்மாக்களும் கொடுப்பதுதான். "குத்திடு, திரும்பிப் பாக்காத" என்றாள். கொடுத்த ஊக்கைத் தோள்பட்டையில் புடவை மடிப்போடு சேர்த்துக் குத்தியும் விட்டாள். அதை எடுத்து யாரையாவது குத்தினால் முந்தானை மொத்தமாகச் சரிந்து விழும். இன்னொரு ஊக்கு கேட்டிருக்கலாம். எதற்கு என்று கேட்பாள், ஏதாவது நடந்ததா என்று கேட்பாள். கேட்கவில்லை.

வீட்டு ஓனர் அக்காவிடமும் அறிவுரை இருந்தது. அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் பயிர் வைத்த நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அக்காவின் குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். யாராக இருந்தாலும் வா, போ தான். ஒரு நாள் காலையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ந்தா பொண்ணு, ரயில்ல போய்கினு வந்துகினு கீற. எவனாச்சும் மேல கை வச்சான்னா, இன்னாடான்னு கேளு. அவ்ளோதான். வேற ஒண்ணியும் வாணாம்."

"சரிக்கா" என்றேன்.

"இன்னாத்த சரிக்கா? எங்க, கேளு பாப்போம்."

நான் சிரித்து மழுப்பிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அப்பா ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "அவங்க பழக்கம் அவங்களுக்கு. நம்ம வாயில அதெல்லாம் வரக் கூடாது" என்றார்.

அப்பாவுக்கு இதில் சமரசமே கிடையாது. பால்காரர், தபால்காரர், குப்பை அள்ள வருகிறவர், எல்லோரும் வாங்க, போங்கதான். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு தடவை ரிக்‌ஷாக்காரரை "வா" என்று கூப்பிட்டுவிட்டேன். அப்பா என்னைத் திரும்ப வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னால் நிறுத்தி, "வாங்க" என்று சொல்ல வைத்தார். அந்த மனிதருக்கே கூச்சமாகிவிட்டது. எங்கள் வீட்டில் நான் "போ" என்று சொல்லலாம் என்றால் அது பூனையைத்தான். வெளியில் இதற்கு நல்ல பெயர். குழந்தையை எவ்வளவு மரியாதையாக வளர்த்திருக்கிறார்கள் என்பார்கள். அம்மா அப்பாவை "என்னங்க" என்பாள், நான் "அப்பா, நீங்க" என்பேன். எனக்கு இதில் எந்தக் கஷ்டமும் இருந்ததில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது யோசித்துக்கொண்டா விடுகிறார்கள்?

அந்த வருஷம் எங்கள் பக்கம் ஓரிரண்டு செயின் பறிப்பு நடந்தது. காலனி நலச் சங்கத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தெருவிளக்குக்கு மனு கொடுப்பது என்றும், பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்துவது என்றும் தீர்மானம் ஆனது. விளக்கு வரவில்லை, வகுப்பு வந்தது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். சங்கச் செயலாளர்தான் எல்லா ஏற்பாடும். ரிட்டையர் ஆனவர், அப்பாவுக்கு நல்ல சிநேகிதர், தங்கமான மனிதர். ஆண்கள் யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு முதுகு மட்டும்தான் எங்கள் பக்கம்.

கராத்தே மாஸ்டர் வெள்ளை உடுப்பில் கறுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு வருவார். ஒல்லியாக, ரொம்ப அடக்கமாக இருப்பார். எங்களை மேடம் என்பார், பத்தாவது படிக்கிற பெண்ணையும் மேடம் என்பார். முதல் நாள் மணிக்கட்டைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று ஆரம்பித்தார். அதற்கு யாராவது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டுமே. அவர் பிடிப்பதா? அது எப்படி முடியும்? குடும்பப் பெண்கள். அவரே வெட்கப்பட்டுக்கொண்டு மண்டபத்து ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார். அதன் நுனியை என் மணிக்கட்டில் வைத்து, "இதுதான் மேடம் அவன் கை. பிடிச்சிருக்கான்னு நெனச்சுக்கோங்க" என்றார். கட்டை விரல் பக்கமாக வெடுக்கென்று திருப்பி இழுக்க வேண்டும். திருப்பினேன். கம்பு நகர்ந்தது. "வெரி குட் மேடம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இப்படியாக நாங்கள் எல்லோரும் ஒட்டடைக் கம்பிடமிருந்து தப்பிக்கக் கற்றுக்கொண்டோம்.

அடுத்தது கத்துவது. அடிவயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும் என்றார் மாஸ்டர். முதலில் யாருக்கும் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவர் விடாமல் சொல்லச் சொல்ல, ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒன்றாக "ஹா" என்று கத்தினோம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் தொண்டைக்குள் அவ்வளவு பெரிய சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. இன்னொரு தடவை கத்தினோம். வாசலில் ஏதோ பேச்சுக் குரல். எதிர் வீட்டிலிருந்து யாரோ என்ன ஆச்சு என்று ஓடி வந்திருக்கிறார்கள். செயலாளர் அவர்களுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"கொஞ்சம் மெதுவா கத்துங்கம்மா. வெளியில கேக்கறவங்க என்ன நெனப்பாங்க."

அதன்பிறகு மெதுவாகத்தான் கத்தினோம். வாயை முழுசாகத் திறந்து, கண்ணை உருட்டி, வயிற்றை எக்கி, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கொஞ்ச நாளில் அதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. என்ன வார்த்தை சொல்லிக் கத்துவது என்று மாஸ்டர் சொல்லித்தரவில்லை. சத்தம் போதும் என்றார். எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் பின்னால் வந்துகொண்டிருந்தவரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். குரோம்பேட்டை ஸ்டேஷனில் அவரைப் பல சாயங்காலங்கள் பார்த்திருக்கிறேன். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டையை இன் பண்ணி, பையில் பேனா குத்தி, கையில் ரெக்ஸின் பை வைத்திருப்பார். அப்பா ஆபீஸில் வேலை பார்க்கிற யாரோ என்று சொன்னால் நம்பலாம். நான் ட்ரெயினில் இருந்து இறங்கினால் அவர் பொதுப் பெட்டியிலிருந்து இறங்கி, சற்று தள்ளி வருவார். ஒன்றும் பேச மாட்டார். இப்போதுகூடப் பாருங்கள், வருவார், பேச மாட்டார் என்றுதான் எழுதுகிறேன். வருவான், போவான் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல இருந்தது, அடித்துவிட்டேன்.

அன்றைக்கு இன்னும் வெளிச்சம் இருந்தது. லெவல் கிராஸிங் கேட் மூடியிருந்தது. சைக்கிளும் மொபெட்டுமாகக் கேட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். வாழைப்பழக் கூடை வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை வாசலில் சில பேர் கிளாஸோடு நின்றார்கள். ஆபத்தான இடம் என்று அம்மா சொன்ன எதுவும் அங்கே இல்லை. சந்து இல்லை, இருட்டு இல்லை, தனிமை இல்லை. நான் கேட் திறப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். என் இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

கட்டை விரல் பக்கமாகத் திருப்ப வேண்டும் என்று ஞாபகம் வந்தது. திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. கை வெதுவெதுப்பாக இருந்தது, வியர்த்திருந்தது. ஒரு கை அப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்தச் சூடு பட்டதுமே என் கையை அணைத்துவிட்டேன், பஸ்ஸில் செய்வதுபோல. தோளிலிருந்து கீழே ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய கையையோ வேறு யாரோ பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வாயைத் திறந்தேன். நன்றாகவே சத்தம் வந்தது. வகுப்பில் வந்ததைவிட அதிகமாக வந்தது.

"விடுங்க" என்றேன்.

டீக்கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கார அம்மாள் பார்த்தாள். சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றவர் பார்த்தார். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். "விடுங்க, ப்ளீஸ், கையை விடுங்க" என்றேன்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வா, வீட்டுக்குப் போய் பேசிக்கலாம். ரோட்ல வேணாம்" என்றார்.

அவ்வளவுதான். சுற்றி இருந்த முகங்கள் எல்லாம் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஏதோ விபரீதம் என்று நிமிர்ந்தவர்கள், ஓ இதுதானா என்று தணிந்துபோனார்கள். டீக்கடையில் ஒருவர் கிளாஸை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். எனக்கு அப்போது புரியவில்லை. ராத்திரி படுத்திருக்கும்போதுதான் புரிந்தது. நடுரோட்டில் ஒரு பெண் ஒரு ஆளிடம் பேர் சொல்லாமல், திட்டாமல், "விடுங்க" என்கிறாள் என்றால் அவன் யாராக இருப்பான்? எந்த வீட்டில் யார் யாரிடம் அப்படிப் பேசுவது? கேட்டவர்கள் காதில் என்ன விழுந்ததோ அதைத்தான் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றேன் சைக்கிள்காரரிடம்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "கோவத்துல சொல்லுது" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். பழக்கார அம்மாள் என்னிடம், "எம்மா, வூட்டுக்குப் போய் பேசிக்கோங்கம்மா. நாலு பேரு பாக்கறாங்கோ இல்ல" என்றாள். பிறகு அவரிடம், "சார், நீயும் கொஞ்சம் பொறுமையா கூட்டினு போ சார்" என்றாள். அவர் பொறுமையாகத்தான் இருந்தார். அவர் தலையை ஆட்டி, ஆமாம் அம்மா என்பதுபோல ஒரு சோர்ந்த முகம் காட்டினார். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்கே அவர் மேல் இரக்கம் வரும்போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு, ஒருவேளை இவர் கூடப் போய்விட வேண்டியதுதானோ என்றுகூடத் தோன்றியது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது, இப்போதும்.

ட்ரெயின் போனது. கேட் திறந்தது. இரண்டு பக்கமும் காத்திருந்த சைக்கிள், மொபெட், தள்ளுவண்டி எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே புகுந்தன. ஒரு மொபெட் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு நுழைந்தது. பிடி தளர்ந்தது. நான் உருவிக்கொண்டு நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்குள் போய், பெண்கள் கூட்டமாக நின்ற இடத்தில் நின்று, ரவிக்கைத் துணி பார்த்தேன். கடைப்பையன்கள் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "ஏன் லேட்டு?" என்றாள் அம்மா. கேட் போட்டுவிட்டார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

மறுநாளிலிருந்து குரோம்பேட்டையில் இறங்குவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் போய் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். நேரம் கூடுதலாக ஆனது. ஆபீஸில் வேலை அதிகம் என்று சொன்னேன். வேலையும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, என்னை நிரந்தரம் பண்ண வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி என்று தெரிந்தது. தேங்க் யூ சார் என்றேன். அழவில்லை, தூக்கமும் கெடவில்லை. ஒன்று மட்டும்: இடது கையில் வாட்ச் கட்டினால் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இப்படியே கடந்துபோயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்ததால் நான் காபி போடப் போனேன். அவர் எப்போதும் சங்கத்து விஷயம் பேசத்தான் வருவார். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு திரைச்சீலை மட்டும்தான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். அன்னைக்கு ஒரு நாள் ரயில்வே கேட்கிட்ட நானும் நின்னுட்டிருந்தேன், அந்தப் பக்கம். பாப்பாவைப் பாத்தேன். கூட ஒருத்தர். நல்ல டீசன்டான ஆளுதான். ஏதோ மனஸ்தாபம்போல. பாப்பா விடுங்க விடுங்கன்னு மரியாதையாதான் சொல்லிட்டிருந்துச்சு. நான் தலையிடலை. அது உங்க குடும்ப விஷயம். ஆனா வயசுப் பொண்ணு. ஏதாவதுன்னா நல்லபடியா முடிச்சு வெச்சுடலாமே."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அடுப்பை அணைத்தேன். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். செயலாளர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி கனிவாகச் சிரித்தார். அவர் நல்லதைத்தான் நினைத்து வந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் போகும்வரை அப்பா காலனித் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார். "யாரு அவன்?"

"தெரியாதுப்பா."

"பொய் சொல்லாத. நான் கோவப்படலை. யாருன்னு சொல்லு."

"சத்தியமா தெரியாதுப்பா. ஸ்டேஷன்லேருந்து பின்னாடியே வருவார். அன்னைக்கு கையைப் பிடிச்சுட்டார்."

"தெரியாதவனைப் போய் எவளாவது 'விடுங்க'ம்பாளா?"

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போய்விடும் என்றுதான் அந்த நேரத்தில்கூட முதலில் தோன்றியது. இவர் நம்பாவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லை, நம்பவைத்துவிட்டால் ஏதாவது வழி இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். பழக்கார அம்மாள் சொன்னது, சைக்கிள்காரர் சிரித்தது, ஜவுளிக் கடை, சானடோரியம், எல்லாம். அம்மா விளக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது.

அப்பா பக்கத்தில் வந்தார். "கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்தார். விளையாட்டுப் பிடி இல்லை, இறுக்கமாகவே பிடித்தார்.

"நான்தான் அவன். ரோட்ல நிக்கற. இப்ப சொல்லு."

ஓனர் அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தைதான். நாக்கை மேலண்ணத்தில் வைத்தேன். எதிரே அப்பாவின் மூக்குக்கண்ணாடி, அதற்குப் பின்னால் கண்கள். என்ன வரப்போகிறது என்று அவை காத்திருந்தன.

"விடுங்க" என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லு. கத்திச் சொல்லு."

கத்திச் சொன்னேன். "விடுங்கப்பா."

அப்பா கையை விட்டார். அவர் முகம் மாறியது. சந்தேகம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவு தெளிவாக ஒரு முகம் மாறி நான் பார்த்ததில்லை. என்னை நம்பிவிட்டார். பல நாளாக ஒன்றும் உறைக்காமல் இருந்த எனக்கு அப்போது ஏதோ உறைத்தது, அது சந்தோஷம். அழுகை வரும்போல இருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இவ சொல்றது நெஜம்" என்றார் அம்மாவிடம். "இவளுக்கு வேற மாதிரி பேச வரலை. இப்படி இருக்கற பொண்ணை எந்த தைரியத்துல ரயிலேத்தி அனுப்பறது? நாளைக்கு நான் கூடப் போய், ஆபீஸ்ல சொல்லிட்டு வந்துடறேன்."

"கத்தக் கத்துக்கறேன்பா" என்றேன். "ஓனர் அக்கா சொல்லித் தருவாங்க."

"வேணாம்மா" என்றார் அப்பா. "ரோட்ல நின்னு கத்தற பொண்ணா நாங்க உன்னை வளக்கலை." அவர் குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சரிங்கப்பா" என்றேன்.